வீட்டுக்காரர் கவனத்துக்கு

பிப்ரவரி 11

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. கோபத்தில் இருப்பவளுக்கு முறை ஒரு கேடா என்று விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்தபோது, என் சித்தப்பா தவறிப்போய்விட்டார் என்று சொன்னேன். என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனிதர். அதற்கு நீங்கள், "அப்படியா, ரொம்ப சந்தோஷம், நான் விசாரிச்சதா சொல்லு" என்றீர்கள். ரிசீவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "சரி சரி, லைன் சரியில்ல" என்று நீங்களே வைத்தும் விட்டீர்கள். யாரிடம் போய் நீங்கள் விசாரித்ததாகச் சொல்ல?

இரண்டு வருஷமாகவே இப்படித்தான். நான் ஒன்று சொன்னால் நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள். முன்பெல்லாம் பேச்சை முடிக்க மனசில்லாமல் "வெக்கட்டுமா, வெக்கட்டுமா" என்று கால் மணி நேரம் இழுப்பவர், இப்போது இரண்டு நிமிஷத்தில் கழன்றுகொள்கிறீர்கள்.

அது கிடக்கட்டும். எழுத உட்கார்ந்தது சுவரைப் பற்றி. படுக்கையறையின் மேற்குச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருக்கிறது. பெயிண்ட் தோல் மாதிரி உரிகிறது. கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. பெயிண்டர் வந்து பார்த்து, "மேல ரெண்டு கோட்டு அடிச்சா மறைஞ்சிடும்மா" என்கிறார். அடிக்கச் சொல்லட்டுமா? வீட்டைக் காகிதத்தில் வரைந்தவர் நீங்கள். குடியிருப்பவள் நான். அதனால் கேட்கிறேன்.

மகளை விடுதியில் விட்டு மூன்று வாரம் ஆகிறது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் சோதனைக்குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நாலரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். வந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
கோபம் தணியாத
உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 26

என் வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. இரண்டாவது பத்தியைப் படித்துவிட்டு, தொழிற்சாலை கேன்டீன் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். சித்தப்பாவுக்கு ஏதோ நல்ல சேதி என்று நினைத்துவிட்டேன். இங்கே போன் அப்படி. சுற்றிலும் தட்டுச் சத்தம், ஆள் சத்தம். மன்னித்துவிடு என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நம் கல்யாணத்தன்று அவர் என்னைத் தனியாக அழைத்துப்போய், "இவளுக்குக் கோபம் வந்தா எதிர்த்துப் பேசாதீங்க மாப்பிள்ளை, ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவந்து குடுங்க, போதும்" என்றார். இங்கிருந்து தண்ணீர் கொண்டுவர வழியில்லை. அதனால் இந்தக் கடிதம்.

இனி போன் வேண்டாம். எழுது. நீ எழுதினால் நானும் எழுதுவேன்.

சுவருக்கு வருகிறேன். பெயிண்டர் பேச்சைக் கேட்காதே. ஈரத்தின் மேல் பெயிண்ட் அடிப்பது காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசுகிற மாதிரி. முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். கைக்குட்டை அளவுக்குக் கனமான பிளாஸ்டிக் தாள் ஒன்றை வெட்டி, ஈரத்தின் மேல் வைத்து, நாலு ஓரமும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டிவிடு. இரண்டு நாள் தொடாதே. தாளின் வெளிப்பக்கம் நீர் முத்துக் கட்டியிருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்து, ஈரத்துணியை உள்ளே காயப்போடாமல் இருந்தாலே சரியாகிவிடும். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் விஷயம் வேறு. சுவருக்குள் தண்ணீர் ஏறுகிறது.

அப்படியானால் வெளியே போய் அந்தச் சுவரின் அடியைப் பார். கட்டும்போது, கீழிருந்து ஈரம் ஏறாமலிருக்க அடித்தளத்தின் மேல் ஒரு தடுப்புப் பூச்சு போட வைத்தேன். மேஸ்திரி வேண்டாமென்றார், சண்டை போட்டுப் போட வைத்தேன். ஆனால் வெளிமண் அந்தப் பூச்சைத் தாண்டிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் என் சண்டையெல்லாம் வீண். மண் வீட்டுத் தரையைவிட ஒரு சாணாவது தாழ்ந்து இருக்க வேண்டும். உயர்ந்திருந்தால் வெட்டி இழு. பிறகு உள்ளே உதிர்கிற பூச்சைச் சுரண்டிவிட்டு ஒரு மாதமாவது சுவரைச் சும்மா விடு. நன்றாகக் காய்ந்த பிறகுதான் பூச்சும் பெயிண்டும்.

இன்னொன்று. அந்த அறைக்கு மேற்கே ஜன்னல் வைத்துக் கோடு போட்டவன் நான். ஆனால் மார்ச் மாதத்தில் நான் அந்த வீட்டில் இருந்ததே இல்லை. ஆறு வருஷத்தில் இரண்டு லீவு, மொத்தம் நாற்பத்து மூன்று நாள். சாயங்கால வெயில் கட்டில் வரைக்கும் வருகிறதா? பார்த்து எழுது.

உன்
வீட்டுக்காரன்


மார்ச் 20

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

தண்ணீர் வந்து சேர்ந்தது. குடித்தேன்.

தாள் ஒட்டினேன். சுவர்ப்பக்கம்தான் நனைந்தது. வெளியே போய்ப் பார்த்தால் குற்றவாளி நானேதான். மூன்று வருஷத்துக்கு முன்பு செம்பருத்திக்கு என்று சுவரோரமாக மண்ணைக் கொட்டி மேடு கட்டினேனே, அது ஜன்னலுக்குக் கீழே ஒரு முழம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இரண்டு சனிக்கிழமை மண்வெட்டியோடு மல்லுக்கட்டினேன். செம்பருத்தியை வேரோடு மண்ணை விடாமல் பெயர்த்து வேலியோரம் நட்டேன். கொஞ்சம் வாடியது, இப்போது நிமிர்ந்துவிட்டது. எதிர்வீட்டு நர்ஸம்மா மாடியிலிருந்து, "ஏதாவது புதையல் கெடச்சா எனக்கும் பங்கு" என்று குரல் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து வீட்டு வரிக்கு அளவெடுக்க ஒருவர் வந்தார். முழங்கால் வரைக்கும் மண்ணோடு நிற்கிற என்னைத் தோட்டக்காரி என்று நினைத்துவிட்டார் போல.

"வீட்டுக்காரர் இருக்காரா?"

"இல்லீங்க."

"எப்ப வருவார்?"

"அதத்தான் நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றேன். அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்.

வெயில் கேட்டீர்களே. ஐந்து மணிக்கு ஜன்னல் கம்பியைத் தாண்டுகிறது. ஐந்தேகாலுக்குக் கட்டிலின் கால்மாட்டில் ஏறுகிறது. ஐந்தேமுக்காலுக்கு உங்கள் தலையணைக்கு வந்துவிடுகிறது. உங்கள் தலையணை என்பது ஒரு பேச்சுக்குத்தான். அங்கே இஸ்திரி போட்ட துணிகளை அடுக்கி வைத்திருக்கிறேன்.

நவம்பரோடு உங்கள் ஒப்பந்தம் முடிகிறது என்று காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன். சரிதானே?

மறந்துவிட்டேன், சமையலறைக் குழாய் சொட்டுகிறது. எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை. என்ன செய்ய?

உங்கள்
தோட்டக்காரி


ஏப்ரல் 3

என் வீட்டுக்காரிக்கு,

ஐந்தேமுக்கால். எழுதி வைத்துக்கொண்டேன். இங்கே அந்த நேரத்துக்கு ஷிப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டிருப்பேன்.

குழாயை இறுக்காதே. இறுக்க இறுக்க உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் நசுங்கும், இன்னும் அதிகமாகச் சொட்டும். முதலில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் வால்வை மூடு. குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை விட்டுவிடு. வேலை தொடங்கும் முன் தொட்டியின் ஓட்டையில் ஒரு துணியைத் திணி. எத்தனை வருஷ அனுபவக்காரனும் ஒரு திருகாணியையாவது அந்த ஓட்டைக்குள் விட்டிருப்பான், நான் மூன்று விட்டிருக்கிறேன். ஸ்பானரின் வாயில் பழைய துணியைச் சுற்றிக்கொள், பளபளப்பில் கீறல் விழாது. தலையைக் கழற்றினால் அடியில் வாஷர் இருக்கும். அதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய், அதே அளவில் வாங்கு. கழற்றுகிற ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் இடமிருந்து வலமாக வை. திரும்ப மாட்டும்போது வலமிருந்து இடம் வா. இது குழாய்க்கு மட்டுமல்ல, எதைக் கழற்றினாலும் இதே பழக்கம் வைத்துக்கொள்.

எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பின்பக்கம் படம் வரைந்திருக்கிறேன். அதில் இருக்கிற கை உன் கை. வளையல் சரியாக வரவில்லை.

ஒப்பந்தம் பற்றிக் கேட்டிருந்தாய். இன்னும் மூன்று வருஷம் நீட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். பார்க்கலாம்.

உன்
வீட்டுக்காரன்


மே 2

வீட்டுக்காரர் கவனத்துக்கு,

குழாய்க்கு மூன்று பக்கம், ஒரு படம். நான் காலண்டரில் போட்ட வட்டத்துக்கு ஒரே ஒரு "பார்க்கலாம்." நீங்கள் பார்த்துக்கொண்டே இருங்கள். நானும் ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீங்கள் சொன்னபடியே வாஷர் மாற்றினேன். சொட்டு நின்றுவிட்டது.

ஆனால் வீடு என்னைச் சும்மா விடுவதாக இல்லை. ஒரு வாரமாகக் கோடை மழை. முன்கதவு மேல்மூலையில் நிலையை இடிக்கிறது, தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. மாடித் தண்ணீர்த் தொட்டி வழிகிறது. ஹாலில் இரண்டு டைல் கால் வைத்தால் ஏதோ ஒரு மாதிரி இருக்கிறது. பின்பக்க எலுமிச்சை ஐந்து வருஷமாக இலையும் முள்ளுமாக வளர்கிறதே தவிர, ஒரு பூ இல்லை. இப்போது இலையும் மஞ்சளாகிறது. நர்ஸம்மா, "வெட்டிப் போட்டுட்டு வேற வைம்மா" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் முதல் லீவில் வந்தபோது வைத்த கன்று.

மகள் எழுதியிருந்தாள். உங்களுக்கு அவள் போட்ட கடிதத்துக்கு ஏழு பக்கம் பதில் வந்தது, அதில் ஐந்து பக்கம் விடுதி அறை ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பது எப்படி என்று இருந்தது என்கிறாள். பெற்ற பெண்ணுக்கும் அதேதானா?

உங்கள்
வீட்டுக்காரி


மே 21

என் வீட்டுக்காரிக்கு,

உன் கோபம் நியாயம். அதற்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். தெரிந்ததை எழுதுகிறேன்.

கதவை மழை நாளில் இழைக்காதே. தச்சர் வந்து இழைப்புளியை எடுத்தாலும் விடாதே. மரம் இப்போது ஊறி உப்பியிருக்கிறது. இப்போது சீவினால் வெயில் அடித்ததும் விரல் நுழையும் சந்து விழும். முதலில் மேல்கீலைப் பார். மேல்மூலை இடிக்கிறது என்றால் பெரும்பாலும் அதன் திருகாணி தளர்ந்து கதவு தலைசாய்ந்திருக்கும். திருகாணி சும்மா சுற்றினால், அதைக் கழற்றி ஓட்டைக்குள் தீக்குச்சிகளை மருந்தைக் கிள்ளிவிட்டு மரப்பசையில் தோய்த்துத் திணி. ஒரு நாள் காய்ந்ததும் திரும்பப் பூட்டு. இடிக்கிற இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்.

தொட்டி வழிந்தால் உள்ளே மிதக்கிற பந்தின் கம்பியைக் கீழ்நோக்கி இலேசாக வளை. வளைத்தும் நிற்காவிட்டால் வால்வில் மண் சிக்கியிருக்கும், கழுவு.

டைலை ஒரு நாணயத்தால் தட்டு, சத்தத்தை (இந்த வரியை அடித்துவிட்டேன், படிக்காதே). டைலின் மேல் ஒரு கையை விரித்து வை. பக்கத்தில் மறுகை முட்டியால் தட்டு. அடியில் கலவை பிடித்திருந்தால் கைக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே காலியாக இருந்தால் உள்ளங்கையில் ஒரு அதிர்வு வரும். எல்லாவற்றுக்கும் காது வேண்டியதில்லை, கையே சொல்லும்.

எலுமிச்சையை வெட்டாதே. அது ஒட்டுக்கன்று. அடித்தண்டில் ஒட்டுப் போட்ட இடத்தில் முட்டி மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அதற்குக் கீழிருந்து நேராக, நீள முள்ளோடு கிளம்புகிற குச்சிகள் எலுமிச்சை இல்லை, அடிமரத்தின் திருட்டுக் குச்சிகள். சாப்பாட்டையெல்லாம் அவை தின்றுவிடும். அடியோடு அறுத்துவிடு. தண்ணீரைத் தண்டில் ஊற்றாதே, கிளை நிழல் விழும் வட்டத்தின் ஓரத்தில் ஊற்று. இரண்டு விரல்கணு ஆழத்துக்கு மண்ணில் விரலை விட்டுப் பார், காய்ந்திருந்தால் மட்டும். உதிர்ந்த இலைகளை அந்த வட்டத்தில் பரப்பு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

மரத்துக்கு இவ்வளவு சொல்லத் தெரிகிறது.

உன்
வீட்டுக்காரன்


ஜூலை 9

அன்புள்ளவருக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

மகள் பத்து நாள் விடுமுறைக்கு வந்திருந்தாள். ஒரு காலை எழுந்து வந்தவள், நான் சமையலறைக் குழாயின் தலையைக் கழற்றுவதற்கு ஸ்பானரில் துணி சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"ஏம்மா, நல்லா இருக்கிற கொழாய எதுக்குக் கழட்டறே?"

"சொட்டுது."

"எங்க சொட்டுது? நான் வந்ததுலேருந்து ஒரு சொட்டுகூடப் பாக்கலியே."

மாட்டிக்கொண்டேன். அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். சுவர் நிஜம். கதவு நிஜம். எலுமிச்சை நிஜம். குழாய் சொட்டவில்லை. தொட்டி வழியவில்லை. டைல் இரண்டும் கல்லு மாதிரி இருக்கின்றன. உங்கள் வாஷர் கடிதம் அவ்வளவு நன்றாக இருந்ததே, அதில் எழுதியபடி கழற்றித்தான் பார்ப்போமே என்று தோன்றியது, அவ்வளவுதான்.

என்ன செய்யட்டும்? "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் ஒரு வரி எழுதுகிறீர்கள். ஏதாவது உடைந்தது என்றால் நாலு பக்கம். அதனால் உடைத்தேன். மகள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் வந்து ஸ்பானரை வாங்கி வைத்துவிட்டு, "அப்பாவுக்கு போன் பண்ணும்மா, இப்பவே பண்ணு" என்றாள்.

செய்தேன். கேன்டீனில் யாரோ எடுத்தார். உங்கள் பேரைச் சொன்னேன். "அவருக்கா? ஸ்டோர்ல இருப்பார். ஆனா போனெல்லாம் அவருக்கு வேணாம்மா, எழுதிப் போடுங்க" என்றார். என்ன காரணம் என்று கேட்டேன். "நீங்க அவர்கிட்டயே கேட்டுக்குங்க" என்று வைத்துவிட்டார்.

நீங்கள் கம்ப்ரஸர் அறையில் அல்லவா வேலை பார்க்கிறீர்கள்? ஸ்டோருக்கு எப்போது போனீர்கள்? என் குரல் உங்களுக்கு ஏன் வேண்டாம்? அங்கே வேறொரு வீடு இருக்கிறதா? அந்த வீட்டிலும் குழாய் சொட்டுகிறதா?

இருந்தால் சொல்லிவிடுங்கள். சுவருக்கு நீங்கள் சொன்னதுதான். மேலே பெயிண்ட் அடித்து மறைக்க வேண்டாம்.

நான்


ஜூலை 28

என் வீட்டுக்காரிக்கு,

வேறு வீடு இல்லை. எனக்கு ஒரே வீடு. அதிலும் நாற்பத்து மூன்று நாள் குடியிருந்தவன்.

காது போய்விட்டது. வலது காதில் ஒன்றுமே இல்லை. இடது காதில் ஏதோ கொஞ்சம் இருக்கிறது, தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்கிற மாதிரி. ஊரில் வேலை பார்த்ததையும் சேர்த்துக் கம்ப்ரஸர் இரைச்சலில் பதினோரு வருஷம் நின்றவன். முதலில் ஒரு ரீங்காரம் வந்தது. தூங்கினால் போய்விடும் என்று நினைத்தேன். பிறகு ஆட்கள் வாயசைப்பதைப் பார்த்துப் பேசப் பழகினேன். போனில் வாய் தெரிவதில்லையே. நீ மூச்சு விட இடைவெளி விட்டால் "சரி சரி" என்பேன். உன் குரல் மேலே ஏறினால் நல்ல சேதி என்று வைத்துக்கொள்வேன். சித்தப்பா விஷயத்தில் நீ அழுதிருக்கிறாய். குரல் ஏறியது மட்டும்தான் எனக்கு வந்தது. அதற்குத்தான் சந்தோஷம் என்றேன். அந்தக் கடிதம் வந்த அன்றோடு போனைத் தொடுவதை விட்டேன்.

டாக்டர் சோதித்துவிட்டு, கருவி வைத்தால் இடது காதில் ஓசை வரும், சொல்லாக வருமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார். போன வருஷம் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். திருகாணியும் வாஷரும் எண்ணிக் கொடுக்கிற வேலை. சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், எடுத்துக் கொடுப்பேன். அதற்குத்தான் மூன்று வருஷ நீட்டிப்பு.

குழாய்ப் பொய் எனக்குத் தெரியும். நீ வாஷர் மாற்றியதாக எழுதியபோது ஸ்டோரில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அந்தக் குழாயை வாங்கி வந்து மாட்டியவன் நான். உள்ளே பீங்கான் தகடு, கால் சுற்றோடு நின்றுவிடும், இறுக்க இடமே இல்லை, வாஷரும் கிடையாது. கேள்வி வந்த அன்றே தெரியும். தெரிந்தேதான் மூன்று பக்கம் எழுதினேன். உன்னைச் சந்தேகப்பட்டால் அப்புறம் எதை எழுதுவது? பேச்சில் நுழைய முடியாதவன், இந்தக் காகிதத்தில்தான் வீட்டுக்குள் வந்துபோய்க்கொண்டிருந்தேன்.

வராததற்குக் காரணம் இதுதான். நீ உள்ளறையிலிருந்து கூப்பிடுவாய், எனக்குக் கேட்காது. இரண்டாம் தரம் கூப்பிடுவாய். மூன்றாம் தரம் எழுந்து வருவாய். முதல் மாதம் பொறுப்பாய். பிறகு ஒரு நாள் கூப்பிடுவதையே விட்டுவிடுவாய். அதை அந்த வீட்டில் இருந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இங்கே யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை, அதனால் ஒன்றும் தெரிவதில்லை.

உன் குரலைக் கடைசியாக எப்போது முழுசாகக் கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டாவது லீவில் கிளம்புகிற அன்று, "அந்தப் பச்சைத் துண்டு பெட்டில வெச்சாச்சா?" என்று கேட்டாய். அதுதான் என்று தெரிந்திருந்தால் இன்னொரு தரம் சொல்லச் சொல்லியிருப்பேன்.

உன்
வீட்டுக்காரன்


செப்டம்பர் 14

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனது. முதலில் எழுதியதைக் கிழித்தேன். அதில் திட்டு மட்டும்தான் இருந்தது. இரண்டு வருஷம் ஒரு மனுஷன் இதை மறைப்பானா, நான் யார், கட்டின பெண்டாட்டியா பக்கத்து வீட்டுக்காரியா என்றெல்லாம். அது இன்னும் உள்ளே இருக்கிறது. நேரில் வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவதாக எழுதியதில் அழுகைதான் இருந்தது. அதையும் கிழித்தேன்.

இது மூன்றாவது. இதில் வேலை இருக்கிறது, கவனமாகப் படியுங்கள்.

நர்ஸம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருடைய தம்பி மனைவி ஒயரிங் வேலை செய்கிறாள், தெரியுமல்லவா, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவாளே, அவள்தான். கூட்டிவந்தார். வாசல் பெல்லின் ஒயரிலிருந்தே இன்னொரு ஒயர் இழுத்து, பெல்லோடு சேர்த்து விளக்கும் எரிகிற மாதிரி செய்யலாம் என்றாள். சுவிட்சை அழுத்தினால் பெல்லும் அடிக்கும், விளக்கும் எரியும். கையை எடுத்தால் அணைந்துவிடும். உள்ளறையிலிருந்து கூப்பிடுவதற்கும் தனியாக ஒரு சுவிட்ச். சுலபமான வேலைதான் என்றாள்.

"எத்தன எடத்துல பல்பு வேணுங்க்கா?"

"அவர் எங்கெங்க உக்காருவாரோ அங்கெல்லாம் போடு."

"எங்க உக்காருவார்?"

நான் ஹாலைப் பார்த்தேன். சமையலறையைப் பார்த்தேன். இந்த வீட்டில் எந்தப் பல்லி எந்தச் சுவரில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் புருஷன் எங்கே உட்காருவார் என்று தெரியவில்லை. அவள் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கடைசியில் குத்துமதிப்பாகக் காட்டினேன். ஹாலில் ஜன்னல் பக்கம் ஒன்று. சமையலறையில் ஒன்று. பின்பக்கம், எலுமிச்சை தெரிகிற இடத்தில் மழை படாத கூண்டு வைத்து ஒன்று. படுக்கையறையில், மேற்குச் சுவரில் ஒன்று. சுவர் நன்றாகக் காய்ந்துவிட்டது. அவளே கையை வைத்துப் பார்த்துச் சொன்னாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலில் நின்று பெல்லை அழுத்திப் பார்த்தேன். பூட்டின வீடுதான். ஜன்னல் வழியாக உள்ளே விளக்கு எரிவது தெரிந்தது. விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டே நின்றேன். நர்ஸம்மா மாடியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இந்த விளக்குகள் நீங்கள் வெளியிலிருந்து வருவதற்கு இல்லை. அதற்குக் கதவைத் தட்டினாலே எனக்குக் கேட்கும். நீங்கள் உள்ளே இருக்கும்போது நான் வெளியிலிருந்து வருவதற்கு.

நான் கூப்பிடுவதை விட்டுவிடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். ஆறு வருஷமாக ஆள் இல்லாத வீட்டில், "இதப் பாத்தீங்களா" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பவள் நான். உங்களுக்குக் கேட்காதது எனக்குப் புதிதில்லை. பக்கத்தில் இருந்து கேட்காமல் இருங்கள், அது போதும். இடது காதில் கொஞ்சம் இருக்கிறது என்றீர்கள். இத்தனை நாள் உங்கள் வலது பக்கம் படுத்தேன். இனி இடம் மாறிக்கொள்கிறேன்.

இஸ்திரித் துணிகளை அலமாரிக்கு மாற்றிவிட்டேன். அந்த நீட்டிப்புக் காகிதத்தை என்ன செய்வது என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு எனக்குக் குறிப்புத் தெரியாது.

உங்கள்
வீட்டுக்காரி


அக்டோபர் 2

என் வீட்டுக்காரிக்கு,

ஒயரிங் வேலையில் ஒரு குறை இருக்கிறது. குளியலறையில் விளக்கு போடவில்லை. சோப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறவனுக்கும் வாசலில் ஆள் வந்தது தெரிய வேண்டும். அந்தப் பெண்ணிடம் சொல்லி, ஈரம் புகாத மூடி வைத்து, எட்டாத உயரத்தில் ஒன்று போடச் சொல். குளியலறைக்குள் சுவிட்ச் எதுவும் வரக் கூடாது.

நீட்டிப்புக் காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. இன்று காலை ஸ்டோர் சாவியை எப்போது ஒப்படைக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். தேதி எழுதிக் கொடுத்தார்கள். நவம்பர் பத்தொன்பதாம் தேதி. அன்று சாயங்கால வண்டியிலேயே கிளம்புகிறேன்.

மற்ற நாலு விளக்குகளையும் சிமெண்ட் பூசி நிரந்தரமாக்க வேண்டாம், ஒயரைக் கொஞ்சம் நீளமாகவே விட்டு வைக்கச் சொல். நான் எங்கே உட்காருவேன் என்று எனக்கும் தெரியாது. வந்து உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உன்
வீட்டுக்காரன்